அரிவாள் வீதிக்கு ஊற்றிய ஆயில்

அரிவாள் வீதியில் முதன்முதலில் முந்திக்கொண்டது தோசை மாவுதான். கோயம்புத்தூரின் கிழக்கோரத்தில், மோட்டார் பட்டறைகளுக்கும் வார்ப்பட ஆலைகளுக்கும் நடுவே, அரிவாளைப் போல ஒரே வளைவாக வளைந்து கிடக்கும் அந்த வீதியில், வளைவின் உள்பக்கம் பன்னிரண்டு வீடுகள், வெளிப்பக்கம் பன்னிரண்டு வீடுகள், ஒவ்வொரு வீட்டுக்கும் நேர் எதிரே இன்னொரு வீடு. அந்தச் சித்திரை மாதத்தில், ஒரே கிரைண்டரில் ஆட்டி இரண்டு பாத்திரங்களில் பங்கிட்டு எடுத்துப் போன மாவு வெளிவரிசையில் பொங்கி, வழிந்து, புளித்து அடங்கியபோது உள்வரிசையில் அது இன்னும் பச்சை அரிசி வாசம் மாறாமல் இருந்தது. அடுத்தது மல்லிகை. வெளிவரிசைக் கொடிகளில் காலையில் ஒரு பறிப்பு, மத்தியானம் ஒரு பறிப்பு என்று மொட்டுகள் கேட்காமலே வந்தன. அதற்கடுத்த வாரம் வெளிவரிசைத் தையல்காரி பவளக்கொடியின் சுவர்க்கடிகாரம் இரண்டு மணி நேரம் முன்னே ஓடிவிட, அவள் அதைக் கழற்றி உள்வரிசையில் கடிகாரம் ரிப்பேர் பார்க்கும் சின்னச்சாமியிடம் கொடுத்தாள். அவர் அதை ஒரு நாள் முழுக்கத் தன் மேசையில் வைத்துப் பார்த்துவிட்டு, "கடிகாரத்துக்கு ஒண்ணுமில்லீங்க. நீங்கதான் வேகமா இருக்கறீங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

ஆடி மாதத்துக்குள் அது ஒரு நிலைக்கு வந்து நின்றது. ஊரில் ஒரு நாள் கழிகிற நேரத்தில், வெளிவரிசை வீடுகளுக்குள் இருந்தவர்கள் நான்கு நாள் வாழ்ந்து முடித்தார்கள். சூரியன் எல்லோருக்கும் பொதுவாகவே இருந்ததால் அவர்களுடைய ஒரு பகலுக்குள் இரண்டு தூக்கமும் ஆறு சாப்பாடும் அடங்க வேண்டியிருந்தது. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி தைத்துப் போட்டுக்கொண்டார்கள், பால்காரரிடம் நான்கு மடங்கு பால் சொல்லி வைத்தார்கள். வீதியின் நடுக்கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் காலெடுத்து வைத்தால் ஊரின் நேரம், அந்தப் பக்கம் வைத்தால் வெளிவரிசை நேரம். உள்ளே வரும்போது செருப்பைக் கழற்றுவது போல அதுவும் பழகிப்போனது.

ஏன் என்று கேட்டவர்கள் சிலர்தான், என்ன செய்யலாம் என்று கேட்டவர்களே அதிகம். பொதுத்தேர்வுக்கு இன்னும் ஒரு வாரம்தான் என்று பதறிய பிள்ளைகள் வெளிவரிசையில் தெரிந்தவர் வீட்டில் போய் உட்கார்ந்து ஒரு மாதம் படித்துவிட்டு வந்தார்கள். பவளக்கொடி தீபாவளி ரவிக்கைகளை வேண்டாமென்று ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. வடக்கே வீடு கட்டிக்கொண்டிருந்தவர்கள் சிமெண்டுப் பலகைகளைக் கொண்டுவந்து வெளிவரிசைச் சுவர்களில் சாய்த்து, சீக்கிரம் இறுகட்டும் என்று தண்ணீர் ஊற்றினார்கள். காய்ச்சல்காரர்கள் அங்கே போய்ப் படுத்துச் சீக்கிரம் தேறினார்கள். ஊர்கோலத்தில் அம்மன் சப்பரம் வளைவைச் சுற்றி வந்தபோது வெளித்தோளில் சுமந்தவர்கள் உள்தோளில் சுமந்தவர்களுக்கு முன்பே பசித்துக் களைத்து, தோள் மாற்ற ஆள் கேட்டார்கள். மாநகராட்சியிலிருந்து ஒருவர் வந்து நாடா பிடித்து அளந்து, கடைசியில் 'வளைவு, வேகம் குறைக்கவும்' என்று ஒரு பலகையை வெளிவரிசைப் பக்கமாக நட்டுவிட்டுப் போனார். இரு வரிசைக்காரர்களும் பேச வேண்டியதை நடுக்கோட்டின் மேல் நாற்காலி போட்டுப் பேசினார்கள். அங்கேதான் எல்லோருக்கும் குரல் ஒரே வேகத்தில் கேட்டது. பெண் பார்த்ததும் அங்கேதான், பங்காளிச் சண்டை தீர்ந்ததும் அங்கேதான்.

அந்த வெளிவரிசையில், ஏழாவது வீட்டில், கோகிலவாணி தனியாக இருந்தாள். அது அவள் அப்பா விட்டுப்போன வீடு. எதிரே உள்வரிசை ஏழாவது வீட்டில் அவள் கணவன் நவநீதன் இருந்தான். இருவரும் ஒரே வருஷம், ஒரே மாதம், இந்த எதிரெதிர் வீடுகளில் பிறந்தவர்கள். வீதியைக் கடந்து கல்யாணம் செய்துகொண்டு போனவள், அந்தச் சித்திரைக்கு முந்தின தை மாதம் ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு வீதியைக் கடந்து திரும்பி வந்துவிட்டாள். அப்போது இருவருக்கும் முப்பத்து மூன்று வயது. கல்யாணத்துக்குப் பிறகு அவனை 'நீங்க' என்று சொல்லிப் பழகியிருந்தவள் திரும்பி வந்ததிலிருந்து பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டது போல 'நீ' என்றே சொன்னாள். வீதி அதைக் கவனித்தது.

சண்டை ஒரு காரைப் பற்றியது. முழங்கை நீளம் இருக்கும், ரிமோட்டில் ஓடும் பந்தயக் கார். மூடிப்போன ஒரு நூல் ஆலையின் மண் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பந்தயம் நடக்கும்; நவநீதன் காரைத் தயார் செய்வான், வாணி ஓட்டுவாள். அவள் விரல்களைப் பற்றி அந்த மைதானத்தில் பேசாதவர்கள் இல்லை. பம்பு மோட்டார்களுக்குக் காயில் சுற்றும் வேலை அவளுக்கு. முடியைவிடச் சற்றே தடித்த செம்புக் கம்பியை இழுவை மாறாமல் சுற்றிச் சுற்றி, எது இழுக்கிறது எது தளர்கிறது என்று விரலுக்குத் தெரியும்.

கார் வளையும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக ஓட வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடினால் ஒன்று மண்ணைப் பிறாண்டும். அதற்காக இரண்டுக்கும் நடுவே சின்னப் பல்சக்கரங்கள் கொண்ட ஒரு டப்பா உண்டு, டிஃபரன்ஷியல் என்று பெயர், மைதானத்தில் சுருக்கமாக டிஃப். அதற்குள் ஊற்றும் சிலிக்கான் ஆயில் தண்ணியாக இருந்தால் சக்கரங்கள் இரண்டும் தம்தம் போக்கில் ஓடும். கெட்டியாக இருந்தால் ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டு ஓடும். எவ்வளவு கெட்டி என்பதற்குக் குப்பியில் எண் போட்டிருக்கும்: மூவாயிரம் என்றால் எண்ணெய் போல, பத்தாயிரம் என்றால் தேன் போல, ஒரு லட்சம் என்றால் குப்பியைக் கவிழ்த்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். நவநீதனுக்குக் கெட்டிதான் பிடிக்கும். கெட்டியாக ஊற்றினால் கார் நேராக, அடக்கமாகப் போகும்.

"முன்னாடி டிஃப் ரொம்பக் கெட்டிங்க. ஆக்சிலேட்டரை விட்டா உள்ள திரும்ப மாட்டேங்குது, அகலமாப் போகுது" என்று அவள் மூன்று பந்தயங்களாகச் சொன்னாள். அந்தத் தை மாதத்து இறுதிப் பந்தயத்தில் கார் வளைவில் அகன்று போய்த் தடுப்பு மேட்டில் ஏறிக் கவிழ்ந்தது. அவன் எல்லோர் முன்னாலும், குரலை உயர்த்தாமல், "கார் சரியாத்தான் இருக்குது. கைதான் சரியில்லை" என்றான். அவள் ரிமோட்டை மேசைமேல் வைத்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். அந்த ஒரு வார்த்தைக்காக மட்டும் ஒருத்தி வீட்டை விட்டு வருவாளா என்று பவளக்கொடி கேட்டபோது, "ஒரு வார்த்தைதான்க்கா. ஆனா எட்டு வருஷமா அதையேதான் வேற வேற மாதிரி சொல்லிட்டிருந்தார்" என்றாள்.

வெளிவரிசையின் நேரம் விரைந்தபோது வாணி காயில் சுற்றிக்கொண்டே இருந்தாள். ஜன்னலுக்கு நேரே எதிர்வீடு. அங்கே நவநீதன் தண்ணீருக்கடியில் நடப்பவனைப் போல நடந்தான், டம்ளரை மெதுவாகத் தூக்கினான், மெதுவாக வைத்தான். அவன் யாரையாவது கூப்பிட்டால் அந்தக் குரல் தூரத்து ஆலைச் சங்கைப் போல நீண்டு வந்து சேர்ந்தது. எட்டு வருஷம் கூடவே இருந்தபோது பார்க்காததை எல்லாம் அவள் இப்போது பார்த்தாள். அவள் இருக்கும் பக்கம் திரும்பும்போது சட்டென்று முகத்தை மாற்றிக்கொள்வது அவன் வழக்கம். முன்பெல்லாம் அந்த மாற்றம் அவள் கண்ணுக்குப் பிடிபட்டதில்லை. இப்போது அது மெல்ல மெல்ல நடந்தது, மாறுவதற்கு முன்பிருந்த முகத்தை அவள் நிதானமாகப் பார்த்தாள். அது பயந்த முகமாக இருந்தது. அவனுக்கோ அவள் ஜன்னலில் ஒரு சேலை நிறம் வந்து வந்து போவதாக மட்டுமே தெரிந்திருக்கும்.

இப்படி ஊருக்கு ஒன்றரை வருஷம் கழிந்தது. வாணிக்கு ஆறு வருஷம். காதோரம் நரைத்தது, அருகில் இருப்பதைப் படிக்கக் கண்ணாடி வந்தது. மற்ற வெளிவரிசைக்காரர்கள் வேலைக்கு, கடைக்கு, பள்ளிக்கு என்று ஊருக்குள் போய் வந்ததால் பாதிதான் முந்தினார்கள். வாசல் தாண்டாதவள் அவள் ஒருத்திதான்.

அந்தப் புரட்டாசியில் வீதிக்கு மனம் மாறியது. கோடை விடுமுறையை முழுக்க வீட்டுக்குள் கழித்த பவளக்கொடியின் மகன் நான்காம் வகுப்புக்குப் போனபோது சட்டை தோளில் ஏறவில்லை. காலாண்டு முடிவதற்குள் குரலும் உடைந்துவிட்டது, பெஞ்சில் அவனோடு உட்காரப் பிள்ளைகள் தயங்கினார்கள். பால்காரரின் வண்டி நடுக்கோட்டைத் தாண்டும்போது முன்சக்கரம் ஒரு நேரத்திலும் பின்சக்கரம் ஒரு நேரத்திலும் மாட்டி, அவர் விழுந்து கால் முறிந்தது. நடுக்கோட்டில் நாற்காலிகள் போடப்பட்டன. "என்ற பையன் எனக்கு முன்னால கிழவனாயிருவானாட்ட இருக்குதுங்க" என்று பவளக்கொடி சொல்லிவிட்டு அழாமல் உட்கார்ந்திருந்தாள். அதன்பிறகு யாரும் ரவிக்கையைப் பற்றியோ சிமெண்டுப் பலகையைப் பற்றியோ பேசவில்லை.

நவநீதன் எழுந்தான். நடுக்கோட்டில், ஒவ்வொரு எதிர்வீட்டு ஜோடிக்கும் நடுவே ஒன்றாக, முன்பு கேபிள் போட வந்தவர்கள் தோண்டிவிட்டு மூடாமல் போன பன்னிரண்டு குழிகள் இருந்தன. அவற்றில் ஒன்றின் அருகே மண்டியிட்டுக் காதை வைத்துக் கேட்கச் சொன்னான். ஒவ்வொருவராகக் கேட்டார்கள். ஆழத்தில் பல்சக்கரங்கள் எண்ணெயில்லாமல் உரசி ஓடும் சத்தம் வந்தது.

"காஞ்சு கிடக்குது" என்றான் நவநீதன். "டிஃப் ஆயில் இல்லாம ஓடுது. அதான் வெளிப்பக்கம் தன் போக்குல ஓடுது."

சின்னச்சாமி எழுந்து முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "சரி, ஊத்துங்க" என்றார்.

அவன் சிலிக்கான் ஆயில் விற்பவரிடமிருந்து ஒரு லட்சம் கெட்டி உள்ள கேன்களை வரவழைத்து, முதலில் தன் வீட்டுக்கும் வாணியின் வீட்டுக்கும் நடுவே இருந்த ஏழாவது குழியில் ஊற்றினான். பாகு போல மடிந்து மடிந்து அது இறங்கியது. குமிழ்கள் வந்து அடங்கின, சத்தம் நின்றது. அந்த நிமிஷமே வாணியின் வீடும் அவன் வீடும் ஒன்றாகிவிட்டன. அவன் கதவைத் திறந்தால் அவள் கதவு திறந்தது. அவள் தண்ணீர் குடிக்க எழுந்தால் எதிர்வீட்டில் அவனும் எழ வேண்டியிருந்தது. அவன் தும்மினால் இங்கே அவளுக்கும் தும்மல். மூன்று நாள் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே நேரத்தில் மென்று, ஒரே நேரத்தில் படுத்தார்கள். நான்காம் நாள் வளைவின் இழுப்பு தாங்காமல் இரண்டு வீட்டுச் சுவர்களிலும் கதவு நிலையிலிருந்து மேலேறும் விரிசல் விட்டது.

வாணி நடுக்கோட்டுக்கு வந்து நின்றாள். அவள் வந்ததால் அவனும் வர வேண்டியிருந்தது.

"இதை எடு" என்றாள்.

"உனக்கு வயசு ஓடறது நின்னிருச்சே வாணி."

"மூச்சும் நின்னுரும் போல இருக்குது. நான் எப்ப உட்காரணும்னு நீ முடிவு பண்றே. எப்பவும் ஒரு லட்சந்தான் ஊத்துவியா? பயந்தவன்தான் கெட்டியா ஊத்துவான்."

அவன் குனிந்து, ஒரு கை பம்பை வைத்து, அரைநாள் உட்கார்ந்து அந்தப் பாகையெல்லாம் வெளியே எடுத்தான். அவள் தன் வீட்டுக்குள் போய் தன் வேகத்தில் அடி எடுத்து வைத்து, வேண்டுமென்றே இரண்டு முறை தண்ணீர் குடித்தாள்.

மறுநாள் காலை அவன் நடுக்கோட்டில் காத்திருந்தான். கையில் அந்தப் பந்தயக் காரும் ரிமோட்டும் இருந்தன. ரிமோட்டை அவளிடம் நீட்டினான்.

"வீதியில ஓட்டிப் பாரு. இடது சக்கரம் உள்பக்கமா, வலது சக்கரம் வெளிப்பக்கமா, நடுக்கோட்டு மேலயே. எப்படி இருக்குதுன்னு சொல்லு. நீ சொல்றதை ஊத்தறேன்."

ஆறு வருஷம் தொடாத ரிமோட் அவள் கையில் கனத்தது. வீதியே வாசலுக்கு வந்து நின்றது. அவள் காரை நடுக்கோட்டில் வைத்து, கோடு இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் நடுவே ஓடும்படி வளைவுக்குள் விட்டாள். காய்ந்த குழிகளின் மேல் போனபோது கார் உடனே வெளிப்பக்கச் சக்கரங்கள் பறக்க உள்பக்கமாகச் சுழன்று விழுந்தது. அவன் எல்லாக் குழிகளிலும் மூவாயிரம் ஊற்றினான். கார் சுழலவில்லை, ஆனால் தள்ளாடியது.

"எப்படி?" என்றான்.

"உள்ள நுழையறப்ப நல்லா இருக்குது. நடுவுல பிடி இல்லை. வெளிய வர்றப்ப வால் ஆடுது."

அவன் ஏன் என்று வாதாடவில்லை. ஐயாயிரமும் பத்தாயிரமும் கலந்து ஏழாயிரத்துக்குப் பக்கமாக ஒன்றைக் கொண்டுவந்தான். குமிழ் அடங்கும் வரை இருவரும் காத்திருந்தார்கள். அவள் மறுபடி ஓட்டினாள்.

"வெயில் ஏறினதும் மறுபடி பார்க்கணும். தார் சுட்டா ஆயில் இளகும்" என்றாள். உச்சி வெயிலில் ஓட்டினாள், அந்தி வெயிலில் ஓட்டினாள், மழை பெய்து நின்ற ஒரு காலையில் ஓட்டினாள். கொஞ்சம் கெட்டி, கொஞ்சம் தண்ணி, இன்னும் ஒரு குப்பி என்று பதினோரு நாள் போயிற்று. பன்னிரண்டாம் நாள் கார் வளைவுக்குள் போய், யாரும் பிடித்து இழுக்காமல், யாரும் தள்ளிவிடாமல், வீதியைத் தானே அறிந்தது போலத் திரும்பி வெளியே வந்தது. வாணி ரிமோட்டைக் கீழே தாழ்த்தினாள்.

"இதுதான்" என்றாள்.

அந்தக் கலவையில் வெளிவரிசை ஒரு பகலுக்கு ஒரு காப்பி குடிக்கிற நேரம் மட்டும் முன்னே போனது. வளைவின் வெளிப்பக்கம் அவ்வளவுதான் கூடுதல் நீளம். விடிவதற்குள் அது சரியாகிவிடும். பவளக்கொடி மகனைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்தி, உள்வரிசைப் பிள்ளை ஒருவனோடு சேர்ந்து பந்து விளையாடச் சொல்லி, இரண்டு பேருடைய கைகளும் ஒரே வேகத்தில் போகின்றனவா என்று சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். சோதனைக்கு ஊற்றியதையெல்லாம் எடுத்துவிட்டு, நல்ல கலவையைப் பதினோரு குழிகளிலும் நிரப்பி மேலே கல் பதித்தார்கள். ஏழாவது குழிக்கு வந்தபோது நவநீதன் கேனின் மூடியைத் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவன் நடுக்கோட்டில் இரண்டு நாற்காலி போட்டு வாணியைக் கூப்பிட்டான்.

"உனக்கு முப்பத்தொம்பது ஆச்சு. எனக்கு முப்பத்தி நாலரை."

"தெரியுது. கண்ணாடி இருக்குது எங்கிட்ட."

"இந்தக் குழியை மட்டும் காய விட்டுரலாம். நீ என்ற வீட்டுக்குப் போ. நான் உன்ற வீட்டுல இருக்கறேன். ஊருக்கு ஒன்றரை வருஷம். எனக்கு ஆறு. அப்புறம் ஊத்திக்கலாம்."

வாணி அவனை நேராகப் பார்த்தாள். "எனக்காக யாரும் தவம் இருக்க வேண்டாம். நான் திரும்பி வர்றேன்னு சொல்லவும் இல்லை."

"வரச் சொல்லலை. நீ அங்க ஆறு வருஷம் தனியா எப்படி இருந்தேன்னு எனக்குத் தெரியாது. கேட்டா சொல்லுவே. சொன்னாலும் எனக்குத் தெரியாது. அது தெரியாம உன் எதுக்க உட்காரக் கூச்சமா இருக்குது."

"அடுப்புல இடது பர்னர் எரியாது. ஊசி வச்சுக் குத்தி விடணும்" என்றாள். அப்படித்தான் சம்மதம் சொன்னாள்.

இருவரும் வீடு மாறினார்கள். வீதி அதையும் ஏற்றுக்கொண்டது. பால்காரர் தேறி வந்து ஏழாவது வெளிவீட்டுக்கு மட்டும் பழையபடி நான்கு மடங்கு பால் போட்டார், கடைக்காரர் அவனுக்குச் சாமான்களை மாதத்துக்கு நான்கு முறை வாசலில் வைத்தார். வாணி உள்வரிசை ஜன்னலில் காயில் சுற்றிக்கொண்டே எதிரே பார்த்தாள். அங்கே ஒரு சட்டை நிறம் வந்து வந்து போனது. கொடியில் துணி காய்ந்து, மடிந்து, மறுபடி ஈரமாகத் தொங்கியது. தாளிப்பு வாசம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது, முதலில் கருகல் வாசமாக, ஆறேழு வாரம் போனபின் சரியான வாசமாக. அவன் தலையில் நரை விழுவதை அவள் அமாவாசைக்கு அமாவாசை பார்த்தாள்.

ஏழாவது மாதத்தில் ஒரு காலை, தாளிப்பு வாசம் வரவில்லை. பத்து மணி ஆகியும் வரவில்லை. அவளுடைய நான்கு மணி நேரம் அவனுடைய பதினாறு மணி நேரம் என்று விரல் மடக்கிப் பார்த்தவள் காயிலைப் போட்டுவிட்டு வீதியைக் கடந்து ஓடினாள். அவன் காய்ச்சலில் கிடந்தான், உதடு வெடித்திருந்தது. கஞ்சி வைத்தாள், நெற்றியில் ஈரத்துணி போட்டாள். மூன்று நாள் அங்கேயே இருந்தாள். ஊருக்கு அது முக்கால் நாள், அவள் அடுத்த விடியலுக்குள் திரும்பிவிட்டாள் என்றுதான் பவளக்கொடி பிறகு சொன்னாள். இரண்டாம் நாள் தண்ணீர் எடுக்கப் பின்கட்டுக்குப் போனவள் அங்கே மண்ணில் ஒரு வட்டத் தடத்தைப் பார்த்தாள். ஓடி ஓடித் தேய்ந்து, கணுக்கால் ஆழம் பள்ளமாகியிருந்தது. ஓரத்தில் கார் இருந்தது, முன்பக்கம் உடைந்து உடைந்து கம்பியால் கட்டியிருந்தது.

"நீ ஓட்டறியா?" என்று உள்ளே வந்து கேட்டாள்.

"ரெண்டு வருஷமா. தினமும்." அவன் கண்ணைத் திறக்கவில்லை. "பழைய ஆயிலையே ஊத்தி ஓட்டிப் பார்த்தேன். திரும்பவே மாட்டேங்குது வாணி. எத்தனை சுத்து ஓட்டினாலும் அகலமாத்தான் போகுது. எப்படித்தான் அதை வச்சுக்கிட்டு நீ ஜெயிச்சே."

"சில நேரம் ஜெயிச்சேன்" என்றாள். துணியை நனைத்துப் பிழிந்து மறுபடி போட்டாள். அவன் அவள் கையைப் பிடிக்கவில்லை, அவளும் எடுத்துக்கொள்ளவில்லை. விரல்கள் நெற்றியிலேயே இருந்தன. மூன்றாம் நாள் அவன் எழுந்து உட்கார்ந்ததும், "மூணு நாள் இங்க இருந்து எனக்கு வயசு கூடிப்போச்சு. நீ ஒரு மூணு நாள் சேர்த்து இருந்துட்டு வா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் சிரித்தான். வீதியைக் கடந்த பிறகு அந்தச் சிரிப்பு பின்னாலிருந்து படபடவென்று ஒரு பறவையின் சத்தம் போல வந்து சேர்ந்தது.

மிச்ச மாதங்களும் போயின. சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை, சொன்ன கெடுவுக்கு மேல் அந்த மூன்று நாளும் கழிந்த பிறகு, வீதிக்காரர்கள் ஏழாவது குழியைச் சுற்றி நின்றார்கள். வாணியே கேனைச் சாய்த்து ஊற்றினாள். ஆயில் நிதானமாக இறங்கியது, குமிழ்கள் மேலே வந்து ஒவ்வொன்றாக உடைந்தன, ஆழத்தில் உரசிக்கொண்டிருந்த சத்தம் மெல்லத் தணிந்து நின்றது. சின்னச்சாமி கல்லைப் பதித்தார்.

நவநீதன் வெளிவரிசையிலிருந்து நடந்து வந்தான். தலை பாதி நரைத்திருந்தது. நடை மாறியிருந்தது, முன்பு போலக் காலை ஊன்றி ஊன்றி வைக்காமல், தரை எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே வருபவனைப் போல வந்தான். பவளக்கொடி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் ஒரே வயசாத் தெரியறீங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். மற்றவர்களும் போனார்கள்.

உள்வரிசை வீட்டின் வாசற்படியில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவன் அதைக் குடிக்கவில்லை, மேற்கே பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு வருஷமாக அவனுக்கு ஒரு பகல் என்பது இரண்டு தூக்கமும் ஆறு சாப்பாடும் தாங்கும் நீளம். ஒரு அந்தி என்பது குழம்பு கொதித்து இறக்கி, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி முடித்த பிறகும் வானத்தில் அப்படியே நிற்கிற சிவப்பு. இப்போது சூரியன் வார்ப்பட ஆலையின் கூரையைத் தொட்டது, பாதியானது, கீழே போனது. காப்பியில் ஆடை கட்டுவதற்குள் சிவப்பு சாம்பலாகிவிட்டது. அவன் ஒரு கையால் படியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான், இன்னொரு கை அவள் மணிக்கட்டைத் தேடிப் பற்றியது.

"இவ்வளவு வேகமாவா போகும்" என்றான்.

வீடு மாறி இங்கே வந்த முதல் சாயங்காலம் அவளும் இதே படியில்தான் தனியாக உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் கைக்குள்ளிருந்து பிடுங்கிக்கொண்டு போனது போல இருந்தது, சொல்ல ஆளில்லாமல் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதிருந்தாள். அதை யாரிடமும் அவள் சொன்னதில்லை.

"ஒரு வாரம் அப்படித்தான் இருக்கும்ங்க" என்றாள். "கண்ணை மூடாம பாருங்க. நான் இங்கதான் இருக்கறேன்."